வெறும் வயிற்றில் நெடுவழி வேண்டாம்

மிதிவண்டி நம் சாலைகளுக்கு மீண்டும் திரும்பியிருக்கிறது. ஒரு காலத்தில் பால்காரருக்கும் அஞ்சல்காரருக்கும் பள்ளி மாணவருக்கும் உரியதாயிருந்த அவ்வூர்தி, இன்று நாற்பது வயதைக் கடந்த பலருக்கு உடற்பயிற்சித் துணையாக ஆகியிருக்கிறது. ஞாயிறு விடியற்காலையில் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சென்று திரும்புவோர் பலர். அது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இன்னும் ஆர்வம் மிக்கோர், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டிய ‘பிரெவே’ பயணங்களில் பெயர் கொடுக்கின்றனர். இவர்களுள் நீரிழிவு உள்ளோரும், குருதி அழுத்தத்துக்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்வோரும் இருக்கின்றனர். நோயைக் காரணம் காட்டி வீட்டினுள் முடங்காமல் சாலைக்கு வந்த அவர்களை நாங்கள் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் அவர்களோடு சேர்ந்து சாலைக்கு வந்துவிட்ட ஒரு நம்பிக்கையை நாங்கள் எதிர்க்கிறோம். “உண்ணாமல் ஓட்டினால்தான் பயன், வழியில் உண்டால், எரித்த சர்க்கரையை மீண்டும் ஏற்றிக்கொள்வதாகும்” என்பதே அந்நம்பிக்கை. நோன்பைப் போற்றும் மரபில் வளர்ந்த நமக்கு, பசியைப் பொறுத்துக்கொள்வது உறுதியின் அடையாளமாகத் தோன்றுவது இயல்பே. சர்க்கரையைக் குறைக்குமாறு ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் பழகிய நோயாளிக்கோ, சாலையோரத்தில் நின்று ஒரு வாழைப்பழத்தை உரிப்பதே குற்றம்போல் தோன்றுகிறது. நெடும்பயணத்தில் அந்த வாழைப்பழம் குற்றமன்று. அது மருந்துச் சீட்டில் எழுதப்பட வேண்டிய ஒன்று என்பதே எங்கள் கருத்து.

முதலில் ஓர் எல்லையை வரைந்துகொள்வோம். காலையில் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ மிதமாக ஓட்டுபவர், இன்சுலினோ குருதிச் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்ளாதவராயின், வழியில் உண்ண வேண்டிய தேவை இல்லை, தண்ணீர் போதும். உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் இத்தகைய குறும்பயணங்களை வாரத்தில் பல நாள் மேற்கொள்வது நன்று. நாங்கள் பேசுவது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயணங்களைப் பற்றியே. அங்கே உடலின் கணக்கு மாறிவிடுகிறது.

களஞ்சியத்தின் அளவு

நம் உடல் மாவுச்சத்தைக் ‘கிளைக்கோஜன்’ என்னும் வடிவில் இரண்டு இடங்களில் சேமித்து வைக்கிறது. தசைகளில் ஏறத்தாழ 300 முதல் 400 கிராம் வரையும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் அது இருக்கும். ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி எனக் கொண்டால், மொத்தச் சேமிப்பு 2,000 கிலோகலோரிக்கு உட்பட்டதே. மிதமான வேகத்தில் மிதிவண்டி ஓட்டுபவர் ஒரு மணி நேரத்தில் 400 முதல் 600 கிலோகலோரி வரை செலவிடுகிறார். அதில் ஒரு பகுதியைக் கொழுப்பு ஈடுசெய்யும். எஞ்சியதை இக்களஞ்சியமே தர வேண்டும். வேகம் கூடக்கூட, மாவுச்சத்தின் பங்கும் கூடுகிறது.

“உடலில்தான் இவ்வளவு கொழுப்பு இருக்கிறதே, அதை எரித்துக்கொள்ளலாமே” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. உடலில் உள்ள கொழுப்பு பல நாள்களுக்குப் போதுமானதே. ஆனால் அது மெல்ல எரியும் விறகு. ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் தேவைப்படும் வேகத்துக்கு அதனால் தனியாக ஈடுகொடுக்க இயலாது. மேலும், வழக்கமாக உண்டு வாழும் ஒருவரின் மூளை பெரிதும் குளுக்கோஸையே சார்ந்திருக்கிறது. தசையில் சேமிக்கப்பட்டது அந்தத் தசைக்கு மட்டுமே பயன்படும். அது குளுக்கோஸாகக் குருதிக்குத் திரும்பி வராது. குருதிக்கு வழங்க வல்லது கல்லீரலின் சேமிப்பே. அச்சேமிப்போ இரவு முழுதும் நாம் உறங்கும்போது மூளைக்கு உணவளித்துப் பெரிதும் குறைந்திருக்கும். ஆகவே, முந்தைய இரவு எட்டு மணிக்கு உண்டுவிட்டு, காலை ஐந்து மணிக்கு வெறுங்காப்பியுடன் புறப்படுபவர், பாதி வெறுமையான களஞ்சியத்துடன் புறப்படுகிறார்.

அது தீர்ந்தால் என்ன நிகழும்? கால்கள் திடீரெனக் கனக்கும், கைகள் நடுங்கும், காரணமின்றிச் சினமோ அழுகையோ வரும், கண் மங்கும், எளிய முடிவும் எடுக்க இயலாது. பின்னால் வரும் பேருந்தின் ஒலியைக் கேட்டும் ஒதுங்கத் தோன்றாத நிலை அது. வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்தால் மயக்கம். நெடுஞ்சாலையில் நிகழ்ந்தால் விபத்து. இதனால்தான் இதனை வெறும் களைப்பு என்று ஒதுக்கிவிட நாங்கள் மறுக்கிறோம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1967-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், நிலையான மிதிவண்டியில் சிலரை ஓட்டச் செய்து, அவர்களுடைய தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துக் கிளைக்கோஜனை அளந்தனர். கொழுப்பும் புரதமும் மிகுந்த உணவுக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சோர்ந்தவர்களே, மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பின் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓட்டினர். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வில், பயிற்சி பெற்ற வீரர்கள் வெறும் சுவைநீர் பருகியபோது மூன்று மணி நேரத்தில் ஓய்ந்தனர். மாவுச்சத்துக் கரைசலை இடையிடையே பருகியபோது நான்கு மணி நேரம் தாக்குப்பிடித்தனர். உண்டதன் விளைவு ஒரு முழு மணி நேரம்.

பசியைக் கேளாதீர், கடிகாரத்தைக் கேளுங்கள்

நெடும்பயணத்தில் பசி ஒரு காலந்தாழ்ந்த தூதன். அது வந்து சேரும்போது களஞ்சியம் ஏற்கெனவே வற்றியிருக்கும். அதன்பின் உண்டாலும் உணவு குருதியை அடையச் சிறிது நேரம் ஆகும். எனவே புறப்பட்ட அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் முதல் வாய் உண்டுவிட வேண்டும். பிறகு இருபது, முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்ண வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து என்பது பெரும்பாலோர்க்குப் பொருந்தும் அளவு. மெல்ல ஓட்டுபவர்க்குக் கீழெல்லையும், விரைந்து ஓட்டுபவர்க்கு மேலெல்லையும் ஏற்றவை. தனிக் குளுக்கோஸை நம் குடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 60 கிராம் அளவே ஈர்த்துக்கொள்ளும். பழச்சர்க்கரை வேறு வாயில் வழியே நுழைவதால், இரண்டையும் கலந்து உண்ணும் போட்டி வீரர்கள் 90 கிராம் வரை செல்கின்றனர். அது பயிற்சி பெற்ற குடலுக்கு உரியது. நம்மில் பலர்க்குத் தேவையற்றது.

இதற்காக விலையுயர்ந்த பசைப் பொட்டலங்களை வாங்க வேண்டும் என்பதில்லை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து உள்ளது. சிறு பேரீச்சம்பழம் நான்கில் ஏறத்தாழ 20 கிராம். 20 கிராம் வெல்லம் ஏறக்குறைய முழுதும் சர்க்கரையே. நன்கு கரைத்த கேழ்வரகுக் கூழும், பொடி தடவிய இட்லியும் பல தலைமுறை அறிந்த வழியுணவுகள். கடலை மிட்டாய் நல்லதே. ஆனால் அதிலுள்ள எண்ணெய்ச் சத்து செரிமானத்தைத் தாமதப்படுத்தும் என்பதால், மெல்ல ஓட்டும் நேரத்துக்கு உரியது. வழியிலுள்ள உணவகத்தில் பூரியும் வடையும் வயிறு நிறைய உண்டுவிட்டு உடனே மிதிப்பது வயிற்றுக்கும் காலுக்கும் இடையே சண்டை மூட்டுவதாகும்.

புறப்படுவதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு முன்பே சிற்றுண்டி முடிப்பது நன்று. அவ்வளவு அதிகாலையில் இயலாதோர், இரண்டு இட்லியோ ஒரு பழமோ உண்டுவிட்டாவது கிளம்ப வேண்டும். இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும்: நெடும்பயண நாளில் புதிய உணவு எதையும் சோதிக்க வேண்டாம். முந்தைய வாரங்களின் சிறு பயணங்களிலேயே வயிற்றைப் பழக்க வேண்டும். கால்களைப் போலவே குடலும் பழகிப் பழகியே திறன் பெறும்.

தண்ணீர் மட்டும் போதாது. தண்ணீர் மிகுதியும் கூடாது

நம் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது அரிதன்று. ஆயினும் அனைவர்க்கும் ஒரே அளவைச் சொல்வது பொருந்தாது. எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் உடல் எடையைப் பாருங்கள். இடையில் பருகிய நீரையும் கணக்கில் சேருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் நீர் வெளியேறியுள்ளது. பயண முடிவில் எடை இரண்டு விழுக்காட்டுக்கு மேல் குறையாதிருப்பது நன்று. கூடியிருத்தல் ஆகவே ஆகாது.

எடை கூடினால் என்ன கேடு எனக் கேட்கலாம். வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. வெளியேறியதைவிட மிகுதியாக வெறும் தண்ணீரைப் பருகினால், குருதியிலுள்ள சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என அது முற்றும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தபின் குருதி சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினர்க்குச் சோடியம் குறைந்திருந்தது. மிதிவண்டியில் நீர்க்குடுவை எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால் இவ்வெச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

உப்பிட்ட நீர்மோரும், உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறும் நெடும்பயணத்துக்கு ஏற்ற பானங்கள். இளநீர் இனியது, ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே அது வியர்வைக்கு முழு ஈடாகாது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் பருகவும் கூடாது. ஓ.ஆர்.எஸ். கரைசல் உப்பிழப்பை நன்கு ஈடுசெய்யும். ஆயினும் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸே உண்டு. அதைப் பருகியதால் உண்டுவிட்டதாகக் கருதலாகாது.

மருந்து உட்கொள்வோர்க்கு

இனி, இவ்விதழின் வாசகர்க்கு மிகவும் வேண்டியதைச் சொல்கிறோம். “எனக்குச் சர்க்கரை நஞ்சு என்கிறீர்கள், சாலையில் மட்டும் எப்படி அது உணவாகும்?” என்று நீரிழிவு நோயாளி கேட்பார். ஓய்விலிருக்கும் தசை குளுக்கோஸை ஏற்க இன்சுலினின் உதவியை நாடும். உழைக்கும் தசையோ இன்சுலின் குறைவாக இருந்தாலும் தன் வாயிலைத் தானே திறந்துகொள்ளும். அதே வாழைப்பழம், நாற்காலியில் அமர்ந்திருப்பவர் குருதியில் தேங்குவதுபோல், மிதித்துக்கொண்டிருப்பவர் குருதியில் தேங்குவதில்லை. நீரிழிவு உள்ளவர்களை மட்டுமே கொண்ட ‘டீம் நோவோ நார்டிஸ்க்’ என்னும் தொழில்முறை மிதிவண்டி அணி, 290 கிலோமீட்டர் அளவிலான மிலான்–சான் ரெமோ போட்டியிலேயே பங்கேற்றுள்ளது. அவர்கள் உண்கிறார்கள், அளக்கிறார்கள், ஓட்டுகிறார்கள்.

ஆனால் தசை திறக்கும் அவ்வாயிலே ஆபத்தும் ஆகலாம். இன்சுலின் செலுத்திக்கொள்வோர்க்கும், கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர்க்கும், மருந்தும் உழைப்பும் சேர்ந்து சர்க்கரையை வேகமாகத் தாழ்த்திவிடும். மெட்பார்மின் மட்டும் உட்கொள்வோர்க்கு இவ்வாபத்து மிகக் குறைவு. எந்த வகை மருந்து தமக்குத் தரப்பட்டுள்ளது என்பதை அறியாமல் எவரும் நெடுவழி புறப்பட வேண்டாம்.

இங்கே ஒரு நுட்பமான இடர் உண்டு. சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள் வியர்வை, படபடப்பு, நடுக்கம், தளர்ச்சி. நெடுநேரம் மிதிவண்டி ஓட்டுவதன் அறிகுறிகளும் இவையே. ஏற்றம் ஏறுபவர், தாம் வியர்ப்பது உழைப்பினாலா, தாழ்ந்த சர்க்கரையினாலா என எப்படிப் பிரித்தறிவார்? இதயத்துக்கோ குருதி அழுத்தத்துக்கோ ‘பீட்டா பிளாக்கர்’ வகை மருந்து உட்கொள்வோர்க்குப் படபடப்பும் தோன்றாமல் மறைந்துபோகும். ஆகவே உடல் சொல்வதை நம்பாமல் கருவியால் அளக்க வேண்டும். புறப்படும் முன் ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை. புறப்படும்போது 90 மி.கி.க்குக் கீழ் இருந்தால் முதலில் உண்டு, உயர்ந்தபின் கிளம்புக. 250 மி.கி.க்கு மேல் இருந்து கீட்டோனும் காணப்பட்டால் அன்று பயணம் வேண்டாம். வழியில் 70 மி.கி.க்குக் கீழ் இறங்கினால் வண்டியை நிறுத்தி, 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும்.

சட்டைப்பையில் இருக்க வேண்டியது குளுக்கோஸ் மாவு. சாக்லேட் அன்று, கடலை மிட்டாயும் அன்று. அவற்றின் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை உட்கொள்வோர் இன்னும் கருத்தாயிருக்க வேண்டும். சாதாரணச் சர்க்கரையும் வெல்லமும் உடைந்து செரிப்பதை அம்மாத்திரைகள் தடுப்பதால், அவர்களுக்குத் தூய குளுக்கோஸ் மட்டுமே விரைந்து உதவும். இன்சுலினைத் தொடையில் செலுத்திவிட்டு உடனே மிதித்தால் அது வழக்கத்தினும் வேகமாகக் குருதியில் கலக்கும். அன்று வயிற்றுப் பகுதியே ஏற்றது.

டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்றவையும், சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளும் நீர்ச்சத்து இழப்பைக் கூட்டும். கால்வலிக்கு முன்கூட்டியே வலிமாத்திரை விழுங்கிவிட்டு வெயிலில் ஓட்டுவது சிறுநீரகத்தைத் துன்புறுத்துவதாகும். ஆயினும் எந்த மாத்திரையையும் நீங்களே நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். பயணத்தின் தொலைவையும் நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லி, அன்றைய அளவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்போர் செய்ய வேண்டுவன

வண்டியை ஓட்டுபவர் ஒருவர். பயணத்தில் பங்கேற்பவர் வீட்டிலுள்ள அனைவருமே. உணவுப் பையைக் கட்டித் தருபவர் அதைச் செல்லம் கொடுப்பதாகக் கருத வேண்டா, “சர்க்கரைக்காரருக்கு எதற்குப் பேரீச்சம்பழம்?” என்று சுற்றத்தார் கேட்டால் தயங்கவும் வேண்டா. திரும்பி வந்ததும் பையைத் திறந்து பாருங்கள். எடுத்துச் சென்றது அப்படியே இருந்தால், அதைப் பாராட்டாதீர்கள். அடுத்த முறைக்கு எச்சரியுங்கள்.

பயணம் முடிந்த அன்றிரவு கூடுதல் கவனம் வேண்டும். வெறுமையான களஞ்சியத்தை நிரப்பிக்கொள்ளத் தசைகள் பல மணி நேரம் குருதியிலிருந்து குளுக்கோஸை ஈர்த்துக்கொண்டே இருக்கும். இதனால் 24 மணி நேரம் வரைகூடச் சர்க்கரை தாழலாம். உறக்கத்தில் தாழ்வது மிகவும் அஞ்சத்தக்கது. அன்று இரவுணவைத் தவிர்ப்பது கூடாது. படுக்கும் முன் ஒருமுறை அளந்து பார்ப்பதும், நள்ளிரவில் ஆடை நனைய வியர்த்தாலோ பேச்சுக் குழறினாலோ உடனே அளப்பதும் பராமரிப்போரின் பொறுப்பு. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறேன், எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன உண்பேன், எப்போது அளப்பேன், எந்த மருந்தில் மாற்றம், யாரை அழைக்க வேண்டும் என ஆறு வரிகள் எழுதுங்கள். ஒரு படி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். மற்றொன்று வீட்டுச் சுவரில் இருக்கட்டும். அடுத்த முறை எங்கள் உணவியல் பிரிவுக்கு வரும்போது அத்தாளையும் கொண்டுவாருங்கள். உங்களுக்கு ஏற்ற அளவை உடனமர்ந்து திருத்தித் தருகிறோம். நீண்ட தொலைவு ஓட்டுவது உங்கள் விருப்பம். அதற்கு வேண்டிய உணவை உடலுக்குத் தருவது அவ்விருப்பத்தோடு சேர்ந்து வரும் கடமை.